சுரியலும் அறலும்

தமிழில் தலைமயிருக்கு வழங்கும் பெயர்களை எண்ணப் புகுந்தால் இரு கை விரல்களும் போதா. கூந்தல், ஓதி, கதுப்பு, குழல், அளகம், கூழை, ஐம்பால் என மகளிர்க்கும், குஞ்சி, பித்தை, பங்கி என ஆடவர்க்கும் நிகண்டுகள் பெயர்களை நிரல்பட வைத்துள்ளன. வெறும் பெயர்ப் பெருக்கம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. இச்சொற்களிற் பல, மயிர் எவ்வாறு வளைகிறது, எவ்வாறு விழுகிறது என்பதை உற்றுநோக்கியவர்கள் ஆக்கிய சொற்கள். அவ்வுற்றுநோக்கலின் வரலாற்றையும், பிற்காலத்தில் அளவுகோலைக் கையிலேந்தி வந்தவர்கள் அதே மயிரை வைத்து மக்களைத் தரம் பிரித்த வரலாற்றையும், இன்றைய அறிவியல் இவ்விரண்டைப் பற்றியும் கூறுவதையும் இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம். மயிரைப் பற்றியா ஆண்டு மலரில் எழுதுவது என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. நம் குடியிருப்பில் வளரும் பெண்மக்கள் சிலரின் கண்ணீர் இதில் கலந்திருக்கிறது.

முதலில் அறல் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆற்றில் வெள்ளம் வடியும்போது கருமணல் வரிவரியாக, அலையலையாகப் படிந்து கிடக்கும். அதற்கு அறல் என்று பெயர். சீரங்கப்பட்டணத்திலோ திருமுக்கூடலிலோ கோடையில் காவிரிக் கரையில் நின்றவர்கள் இதனைக் கண்டிருப்பர். சங்கப் புலவர்கள் மகளிர் கூந்தலுக்கு இவ்வறலை மீண்டும் மீண்டும் உவமை கூறினர். அவர்கள் கருதியது நேர்மயிரையன்று. அலைபட்ட மயிரையே என்பது தெளிவு. நேர்மயிருக்கு மணல்வரி எங்ஙனம் உவமையாகும்? அறல் என்ற சொல்லே பின்னர்க் கூந்தலுக்கும் பெயராயிற்று. நெறிந்த கூந்தல் என்பதும் அத்தகையதே. நெறித்தல் என்றால் அலைபடச் சுருளுதல்.

அதனினும் மிகச் சுருண்டது சுரியல். சுரி என்னும் அடிச்சொல்லிலிருந்து சங்கும் நத்தையும் பெயர் பெற்றிருக்கின்றன. அவற்றின் ஓடுபோல் திருகிச் சுழன்ற மயிர் சுரியல் எனப்பட்டது. ஆடவர் தலையைப் பாடும்போதும் புலவர்கள் சுரியலைக் குறைவாகக் கூறினாரல்லர். அதன்மேல் பூச்சூட்டிக் காட்டினர். இன்று நாம் 'சுருட்டை' என்று சொல்லும் சொல்லில் ஓர் இளக்காரம் ஒலிக்கிறது. சுருட்டை என்பது ஒரு நச்சுப் பாம்பின் பெயருமாம்! சுரியல் என்று சொல்லிப் பாருங்கள், அவ்விளக்காரம் மறைந்துவிடும்.

ஐம்பால் என்பது கூந்தலை ஐந்து வகையாக முடிக்கும் மரபைக் குறிக்கும். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்று ஒரு பட்டியல் உண்டு. உரைகாரர் சிலர் முடி, சுருள் என வேறு பெயர்களையும் கூறுவர். ஐந்தும் எவை என்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும், சுருண்டதும் ஒன்று, நீண்டு தொங்குவதும் ஒன்று, இரண்டும் அழகே என்பதில் வேறுபாடில்லை. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, பூவாலும் நெய்யாலும் வருவதா என்று இறைவனோடு நக்கீரர் வாதிட்டதாகத் திருவிளையாடற் கதை கூறுமன்றோ? கூந்தலில் இயற்கை எது, செயற்கை எது என்று அவை கூட்டி ஆராய்ந்த மக்கள் நம்மவர். ஆயினும், முன்னோர் எல்லாவற்றிலும் நடுநிலையாளர் என்று யாம் சொல்லவரவில்லை. கருமையையும் நீளத்தையும் அவர்கள் அளவுக்கு மீறிப் புகழ்ந்தனர். நரையை இரக்கமின்றி எள்ளினர். சுருளைப் பழிக்கவில்லை என்பதே நாம் கூறுவது.

நாம் வந்து குடியேறிய இந்நாட்டிற்கும் கூந்தலுக்கும் ஒரு பெயருறவு உண்டு. பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் கன்னட நாட்டின் ஒரு பெரும்பகுதி குந்தளம் என்று வழங்கப்பட்டது. வடமொழியில் குந்தளம் என்றால் கூந்தல்; நம் நிகண்டுகளும் அச்சொல்லை ஏற்றுள்ளன. நாட்டின் பெயரும் மயிரின் பெயரும் ஒன்றானது எங்ஙனம் என்ற ஆராய்ச்சியை அறிஞர்க்கே விட்டுவிடுவோம். கன்னடர் 'கூதலு' என்பதும் நாம் 'கூந்தல்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சுருண்ட மயிரை அவர்கள் 'குங்குரு கூதலு' என்பர். சந்தைக்குச் செல்லும் நம் வீட்டுப் பெண்கள் இதனைக் கேட்டிருப்பர்.

சிற்பிகள் கண்ட சுருளைக் காண விரும்புவோர்க்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிரவணபெளகொளாவில் விந்தியகிரி மேல் கோமதீசுவரர் நிற்கிறார். கங்க மன்னனின் அமைச்சரான சாவுண்டராயர் கி.பி. 981-ஆம் ஆண்டையொட்டி எடுப்பித்த சிலை அது. ஒரே கல்லில் ஏறத்தாழ 57 அடி உயரம். வருவோரெல்லாம் அதன் உயரத்தை வியந்து, காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். தலையை உற்றுநோக்குவோர் சிலரே. தலை முழுவதும் சிறு சிறு வளையங்களாகச் சுருண்ட மயிர். ஒவ்வொன்றும் தனித்தனியே கடையப்பட்டது. அரசு துறந்த வீரனுக்கு, அழகிற் சிறந்தோன் என்று சமண நூல்கள் புகழும் பாகுபலிக்கு, அச்சிற்பி சுரியலையே தேர்ந்தெடுத்தான். சமணத் துறவியர் துறவு பூணுங்கால் மயிரைக் கையாற் பறித்து நீக்குவது மரபு. ஆயினும் தீர்த்தங்கரர் திருமேனிகளிலும் இச்சுருள்களே காணப்படும். புத்தர் திருவுருவங்களும் அவ்வாறே. நாகப்பட்டினத்தில் கிடைத்த செப்புத் திருமேனிகளில் தலைமயிர் வலப்பக்கமாகச் சுழிக்கும் சுருள்களாக வார்க்கப்பட்டிருப்பதைச் சென்னை அருங்காட்சியகத்தில் காணலாம். வலஞ்சுழிந்த மயிர் மகாபுருடர் இலக்கணங்களுள் ஒன்று. இன்னொன்றும் சொல்லி அப்பால் செல்வோம். கோமதீசுவரர் காலடியில் 'இதனைச் செய்வித்தவர் சாவுண்டராயர்' என்னும் பொருளில் கன்னடத்தில் மட்டுமன்றித் தமிழிலும் கல்வெட்டு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்குன்றேறி வந்தோரில் தமிழ் படிப்போரும் இருந்தனர் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இனி, அளவுகோல் வந்த காலத்திற்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்களைப் பெரியதோர் ஆவல் பற்றிக்கொண்டது. உலக மக்களையெல்லாம் செடிகொடிகளைப் போல் இனங்களாகப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட வேண்டும் என்பதே அது. பிரிப்பதற்கு அடையாளம் வேண்டுமே! மண்டையோட்டின் அளவு, மூக்கின் அகலம், தோலின் நிறம், இவற்றோடு மயிரின் சுருளும் அடையாளமாயிற்று. செருமானியப் பேரறிஞர் ஏர்ன்சுட்டு ஏக்கல் மாந்தரைக் கம்பளிமயிரோர், நேர்மயிரோர் என இரண்டாகப் பகுத்து, அவற்றை மேலும் பகுத்தார். வேடிக்கை என்னவெனில், அவர் பகுப்பில் திராவிடர் சென்று சேர்ந்த இடம் ஐரோப்பியரும் அடங்கிய சுருள்மயிர் வகுப்பு. மயிர் ஒன்றே அளவை என்றால் திருநெல்வேலியாரும் இத்தாலியரும் ஒரு குலம்! தோலின் நிறத்தைப் பார்த்தவர்க்கு இது பிடிக்குமா? அடையாளத்தை மாற்றினால் இனமும் மாறிவிடுகிறது என்பதை அவர்கள் ஆராய்ச்சியே காட்டியது. ஆயினும் அவர்கள் ஆராய்ச்சியை நிறுத்தினாரில்லை.

இந்தியாவில் இவ்வேலையை முன்னின்று நடத்தியவர் எர்பர்ட்டு ரிசிலி. மூக்கின் அளவுக்கும் சாதியின் உயர்வு தாழ்வுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதி, 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் தலைமையேற்று நடத்தியவர் அவர். சென்னை மாகாணத்தில் அவ்வேலை எட்கர் தர்சுட்டனிடம் வந்தது. 1885-ஆம் ஆண்டு முதல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த அவர், அளவுக் கருவிகளைச் சுமந்துகொண்டு மலையும் காடும் ஏறினார். ரங்காச்சாரியாரின் துணையோடு அவர் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் ஏழு தொகுதிகள். அதிற் பயனுள்ள செய்திகள் நிரம்ப உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், தலையைக் கருவியின் இரு முனைகளுக்கிடையில் நீட்டிக்கொண்டு நின்ற ஏழை இருளனையும் பணியனையும் நினைக்குங்கால் நம் உள்ளம் கூசுகிறது. தம் மயிரின் சுருள் எந்த ஏட்டில் என்னவாக எழுதப்படப் போகிறது என்பது அவர்கட்குத் தெரியாது.

மைசூரிலும் இப்பணி நடந்தது. இங்கு நடத்தியவர்கள் நம் நாட்டார். மைசூர் அரசின் மக்களின ஆய்வைத் தொடங்கிய எச். வி. நஞ்சுண்டய்யா, பின்னர் 1916-ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1920-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், எஞ்சிய பெரும்பணியை ஏற்று முடித்தவர் எல். கே. அனந்தகிருட்டிண ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1861-ஆம் ஆண்டில் பிறந்தவர். கொச்சி நாட்டுப் பழங்குடிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தவர். 1928 முதல் 1935 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த மைசூர் நூல், ஊர் ஊராகச் சென்று கேட்டறிந்த திருமண முறை, தொழில், வழிபாடு ஆகியவற்றின் களஞ்சியம். ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் ஒருவர் கன்னட நாட்டுக்குச் செய்த தொண்டு என்று நாம் பெருமைப்படலாம்.

அப்பெருமையில் ஒரு நெருடலும் உண்டு. 1935-ஆம் ஆண்டில் வந்த முதல் தொகுதியில் எகோன் பான் ஐக்சுட்டெட்டு என்னும் செருமானியர், இந்திய இன வரலாற்றில் மைசூரின் இடம் பற்றி நீண்ட கட்டுரை எழுதியுள்ளார். இந்தியரை நான்கு பெருங்குழுக்களாக வகுத்தவர் அவர். தமிழ்ச் சமவெளி மக்களைக் கறுப்பர் என்னும் பொருள்பட 'மெலனிட்' என்று பெயரிட்டார். அதே 1935-ஆம் ஆண்டில்தான் அவர் நாட்டில் யூதரைக் குடியுரிமையினின்றும் விலக்கிய நியூரம்பர்க்குச் சட்டங்கள் பிறந்தன. இனப்பிரிப்பு என்பது நூலகத்தில் உறங்கும் கல்வி அன்று என்பதற்கு இதனினும் கூறவேண்டியதில்லை. அந்நாட்டின் ஆய்கன் பிசர் என்பார் மயிரின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க மயிர்க்கற்றைகள் அடுக்கிய பெட்டி ஒன்றை அமைத்திருந்தார். 1908-ஆம் ஆண்டில் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் கலப்பு மண மக்களை ஆராய்ந்தவரும் அவரே.

நம்மவர் கரும்புத் தோட்டத்திற்கு 1860-ஆம் ஆண்டு முதல் கப்பலேறிச் சென்ற தென்னாப்பிரிக்காவில் இதன் முடிவு அப்பட்டமாயிற்று. 1950-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் பதிந்தது. ஐயம் எழுந்தவர் தலைமயிரில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பர். தலையை அசைத்ததும் அது நழுவி விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் அல்லர். பென்சில் நின்றதால் ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தோர் வெவ்வேறு இனமாகப் பதியப்பட்டதும் உண்டு. அச்சட்டம் 1991-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. இதை முதன்முதற் படித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை.

எம் தொழிலிலிருந்து ஒரு செய்தி கூறுவோம். இருப்புப்பாதைச் சரக்கு அலுவலகத்தில் பொருள்களுக்கெல்லாம் வகுப்பு உண்டு. ஒரு பொருள் எவ்வகுப்பில் எழுதப்படுகிறதோ அவ்வகுப்பின் கட்டணமே அதற்கு. நெல்லும் சிமிட்டியும் தாமாக வகுப்புக் கேட்பதில்லை; கட்டணம் வாங்குவோர்க்குத்தான் வகுப்பு வேண்டும். மனிதரை வகுப்பாகப் பிரித்தவர்கள் எந்தக் கட்டணத்தை நோக்கிப் பிரித்தனர் என்று கேட்பது எழுத்தர் புத்தி என்று சொன்னாலும் சொல்க.

நம் நாட்டு அறிஞரும் அவ்வலையில் அகப்பட்டனர். பின்னாளில் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் முதல் தலைவரான பி. எஸ். குகா, 1920-களின் இறுதியில் ஆனைமலைக் காடரிடையே கண்ட மிகச்சுருண்ட மயிரைக் கொண்டு, இந்தியாவில் நீக்ரிட்டோ இனக்கலப்பு உண்டு என்று எழுதினார். அது நெடுங்காலம் பாடநூல்களிலும் நின்றது. மரபணுவை நேரே ஆராயும் முறை வந்தபின் நிலைமை மாறிற்று. நம் மலைப் பழங்குடிகள் இந்நாட்டின் மிகப் பழைய குடிகளின் வழியினர் என்றே அவ்வாய்வுகள் கூறுகின்றன. அண்மைக்கால ஆப்பிரிக்க வழி அவர்களிடம் காணப்படவில்லை. உண்மையில் ஆப்பிரிக்க வழியினரான மக்கள் இதே கர்நாடகத்தில் இருக்கின்றனர். வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் காடுகளையொட்டி வாழும் சித்தியர்களே அவர்கள். போர்ச்சுகீசியர் காலத்தில் அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழியினர். கன்னடமும் கொங்கணியும் பேசுவோர். 2003-ஆம் ஆண்டில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஆக, காடரின் சுருளும் சித்தியரின் சுருளும் கண்ணுக்கு நெருங்கினாலும் வழி வேறு. சுருளைக் கண்டு குலத்தைச் சொல்வது கைரேகை பார்ப்பதினும் மேலான கலையன்று.

அங்ஙனமாயின் மயிர் ஏன் சுருள்கிறது? தோலுக்குள் மயிர் முளைக்கும் குழி நேராகவும் அதன் அடிக்கிழங்கு ஒத்த வடிவிலும் இருந்தால் மயிர் வட்டமான தண்டாய் நேரே வளரும். குழி வளைந்து, கிழங்கின் ஒருபக்கம் மறுபக்கத்திலிருந்து மாறுபட்டிருந்தால் மயிர் தட்டையான தண்டாய் வளைந்து வெளிவரும். மயிர் என்பது கெராட்டின் என்னும் புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் வலுவாகக் கட்டியிருக்கின்றன. நீரால் அவிழும் மெல்லிய பிணைப்புகளும் உண்டு. நனைந்த சுருள் நீள்வதும், உலர்ந்ததும் மீண்டும் சுருள்வதும் இம்மெல்லிய பிணைப்பின் வேலை. மைசூரிலிருந்து காவிரி விரைவு வண்டியில் ஏறி மறுநாட் காலை சென்னையில் இறங்குவோர், தம் மயிர் ஓரிரவிற் பொங்கிச் சிலிர்த்திருக்கக் காண்பர். கடற்காற்றின் ஈரம் செய்த வேலை அது. மாமியார் வீட்டுத் தண்ணீரைக் குறைகூற வேண்டா.

சுருளை நிர்ணயிக்கும் மரபணு ஒன்றன்று, பல. கிழக்காசியரிடம் தடித்த நேர்மயிரோடு தொடர்புடைய மரபணு ஒன்று. ஐரோப்பியரிடம் மயிரின் வளைவோடு தொடர்புடையதாக 2009-ஆம் ஆண்டில் அறியப்பட்டது வேறொன்று. ஒருவர் தலையிலேயே பிடரியில் ஒருவகை, நெற்றியில் ஒருவகை இருக்கலாம்; குழந்தைப் பருவத்தில் நேராயிருந்தது பருவம் எய்தியபின் சுருளலாம். மிகச்சுருண்ட மயிரால் உடலுக்குப் பயன் உண்டா என்றும் ஆராய்ந்துள்ளனர். வெப்பமானி பொருத்திய பொம்மைத் தலைக்கு மூவகை மயிர்த்தொப்பி அணிவித்து, கதிரவனைப் போன்ற விளக்கின்கீழ் வைத்துப் பார்த்ததில், மிகச்சுருண்ட மயிரே தலையை வெயிலினின்றும் நன்கு காத்தது என்று 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். வெயில் நாட்டிற்கு இயற்கை தந்த குடை அது.

இன்றும் வகைப்பாடு இல்லாமலில்லை. அமெரிக்க ஒப்பனையாளர் ஆந்திரே வாக்கர் 1990-களில் நேர், அலை, சுருள், மிகச்சுருள் என நான்கு எண்ணிட்டுப் பிரித்தது உலகெங்கும் பரவியிருக்கிறது. 2007-ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வுக்குழு, இனப்பெயரையே நீக்கிவிட்டு, சுருளின் விட்டம், அலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து எட்டு வகை கண்டது. எந்த எண்ணெய், எந்தச் சீப்பு என்று அறிவதற்காகப் பிரிக்கும் இத்தகைய பிரிப்பில் தவறில்லை. அறல், நெறி, சுரியல் என்று நம் முன்னோர் பிரித்ததும் இவ்வாறே.

தவறு வேறிடத்தில் நடக்கிறது. நம் குடியிருப்பில் ஒரு வீட்டிற்குப் பெண் பார்க்க வந்தோர், "பெண் குணவதிதான், தலைமுடிதான் இப்படி" என்று சொல்லிச் சென்றதையும், அடுத்த திங்களே அப்பெண்ணைப் பல்லாயிரம் ரூபாய் செலவில் மயிரை நேராக்கும் கடைக்கு அழைத்துச் சென்றதையும் யாம் அறிவோம். ஆறு திங்களில் அடிமயிர் மீண்டும் சுருண்டு வந்தது. வாராதிருக்குமா? மயிர் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மருந்து வெளியே நீண்ட மயிரின் கந்தகப் பிணைப்பை உடைக்குமேயன்றித் தோலுக்குள் இருக்கும் குழியை நிமிர்த்தாது. அம்மருந்துகள் சிலவற்றைச் சுடச்சுட இழுக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுக்காற்று வெளிப்படும். அமெரிக்காவில் 33,000-க்கு மேற்பட்ட மகளிரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மயிர் நேராக்கும் மருந்தை ஒருபோதும் தொடாதவருள் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் நூற்றுக்கு 1.64, அடிக்கடி தொட்டவருள் 4.05 என்று அது மதிப்பிட்டது. மருந்தே காரணம் என்று அறுதியிடவில்லை. தொடர்பு உண்டு என்பதோடு நின்றது. எனினும் பெண்ணைப் பெற்றோர் இவ்விரண்டு எண்களையும் அறிந்திருத்தல் நலம்.

சுருண்ட மயிரைப் பேணும் முறையும் கடினமன்று. தலையிலூறும் எண்ணெய்ப்பசை வளைந்த தண்டில் நுனிவரை இறங்காது. ஆகவேதான் அம்மயிர் விரைவில் வறளும். எண்ணெய் தேய்த்து ஊறவைத்துக் குளிக்கும் நம் வழக்கம் அதற்கு ஏற்றது. உலர்ந்த நிலையில் பேன்சீப்பால் இழுத்தால் ஒவ்வொரு வளைவிலும் மயிர் முறியும், குழந்தையும் அழும். ஈரத்தோடு, அகன்ற பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்து வரவேண்டும். பின்னல் இறுகலாகாது, நெற்றியோரத்து மயிர் வேரோடு விடுபட்டுப்போகும். சில பள்ளிகளில் இரட்டைப் பின்னலை நெற்றி வலிக்க இறுக்கிவரச் சொல்கின்றனர். தளர்த்திப் பின்னினும் ஒழுங்குக்குக் குறைவில்லை என்று ஆசிரியையிடம் தாய்மார் நேரிற் சென்று சொல்லலாம். இரவில் பருத்தித் துணியைவிட வழுவழுப்பான பட்டுத்துணி விரித்த தலையணை நல்லது. மைசூரில் பழைய பட்டுப் புடவைத் துண்டுக்கா பஞ்சம்?